இரண்டாவது த்ரோ

மின்வாரியத்தின் பழைய வெள்ளை அட்டைகள்
என் பீரோவில் பதினெட்டு வருடக் கட்டு.
முன்பக்கம் யாரோ வீட்டு ரீடிங்,
பின்பக்கம் என் கையெழுத்தில்
எங்கள் கல்லூரி போட்ட கோல்கள், விட்ட கூடைகள்.

'எங்கள்' என்கிறாயே, அது எப்படி என்பார்
பக்கத்து கவுண்டர் மஸ்தான்.
நியாயமான கேள்வி.
நான் படித்தது மாலைக் கல்லூரி.
நாங்கள் உள்ளே நுழையும் ஐந்தரை மணிக்கு
பகல்காரப் பையன்கள் மைதானத்தில்
மிச்ச வெளிச்சத்தைத் துரத்திக்கொண்டிருப்பார்கள்.
எங்களுக்கு டீம் கிடையாது.
காஸ்ட் அக்கவுண்டன்சி வகுப்பில் ஜன்னலோர பெஞ்சு கிடைத்தது.
பேலன்ஸ் ஷீட் கடைசிவரை டேலி ஆகவில்லை.
லெஃப்ட் விங்கில் ஓடியவன் பெயர் தேவகிருபை,
கார்னர் எடுக்குமுன் கம்மலைத் தொட்டுக்கொள்வான்.

ஐப்பசி, கார்த்திகையில் ஃபுட்பால்.
மழை விட்ட மறுநாள் பந்து உருளாது,
போன இடத்தில் உட்கார்ந்துகொள்ளும்
அரசு அலுவலகத்து ஃபைல் மாதிரி.
(நானும் அங்கேதான் இருக்கிறேன், சொல்லலாம்.)
ஏழு கோல் வாங்கிய ஒரு சனிக்கிழமை
குடையும் நானும் மட்டும் கேலரியில்.
கோலி என்னைப் பார்த்துச் சிரித்தான்,
எட்டாவதும் போனது.

மாசியில் பாஸ்கெட்பால்.
சிமென்ட் கோர்ட் பகல் சூட்டை
இரவு எட்டு மணிக்கும் பாதத்துக்குத் தரும்.
முதலில் என்னை அக்கா என்றார்கள்,
அப்புறம் மேடம்,
போன வருடத்திலிருந்து ஆன்ட்டி.
பையன்களுக்கு மட்டும் வயது ஏறுவதே இல்லை,
மூன்று வருடத்துக்கொரு முறை
அதே பனியனுக்குள் வேறு எலும்புகள்.

ஃபைனல் அன்று கேட்டில் ஏகாம்பரம் மறித்தார்.
பாஸ் இருக்கா? பேரண்ட்டா?
ஆமாம் என்று வந்துவிட்டது வாயில்.
யாரோட அம்மா?
பதினோராம் நம்பர்.
நாற்காலி போட்டார், தண்ணீர் பாட்டில் கூடக் கொடுத்தார்.

இரண்டு பாயிண்ட் பின்னால்.
மூன்று வினாடி மிச்சம்.
பதினோராம் நம்பருக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ.
முதல் பந்து வலையைக்கூட அசைக்காமல் இறங்கியது.
இரண்டாவது
வளையத்தின் மேல் ஒரு சுற்று சுற்றி,
யோசித்து,
வெளியே விழுந்தது.
பக்கத்தில் யாரோ சொன்னார்,
பாவம், அந்தப் பையனோட அம்மா வேற வந்திருக்காங்க.

திரும்பும்போது இருபத்தொன்பது சி. லேடீஸ் சீட்.
டவுட்டனில் ஏறிய கூட்டத்தில் ஒரு கை நீண்டது:
ஆன்ட்டி, கொஞ்சம் பை வெச்சுக்கிறீங்களா?
நிமிர்ந்தால் இஸ்ரவேல்.
பதினோராம் நம்பர்.
ஈர சாக்ஸ், அயோடெக்ஸ்,
மடியில் எட்டு கிலோவாவது இருக்கும்.
புரசைவாக்கம் தாண்டும்வரை
ஒரு வாக்கியம் தயார் செய்தேன்.
நல்லா ஆடினே தம்பி.
கேவலமாக இருந்தது. விட்டுவிட்டேன்.

அவன் போன் அடித்தது.
நீ வந்தேன்னு வாட்ச்மேன் சொன்னாரேம்மா...
வரலையா?
சரி, ஆளு மாறியிருக்கும்.
கம்பியை மாற்றிப் பிடித்தான்.
ஜெயிச்சாச்சும்மா.
ம்ம். நான்தான் கடைசி பாயிண்ட்.

அது ஒருவகையில் உண்மைதான்.
ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.
பை நழுவாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.
ஓட்டேரியில் வாங்கிக்கொண்டு
தேங்க்ஸ் ஆன்ட்டி என்று இறங்கினான்,
இடது காலை லேசாக இழுத்தபடி.
ஆட்டத்தில் அதை நான் கவனிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அட்டை எடுத்தேன்.
ரீடிங்கை மாற்றி எழுதும் பழக்கம் எனக்கில்லை.
61 – 62.
மை காயட்டும் என்று விசிறியடியில் வைத்தேன்,
காற்றில் புரண்டது.
முன்பக்கத்தில், எவரோ ஒரு அசெஸ்ஸர்
என்றோ எழுதிப்போன ஒரே வரி:
கதவு பூட்டியிருந்தது. அடுத்த முறை பார்க்கவும்.